குத்துவிளக்கும் ஒரு நிமிடமும்

எனது மேசை இழுப்பறையில் ஒரே சாயலான புகைப்படங்கள் ஒரு கட்டுக் கிடக்கின்றன. பிரதேச நிருபர்கள் அனுப்பியவை சில, நானே போய் எடுத்து வந்தவை சில. எல்லாவற்றிலும் ஒரு குத்துவிளக்கு எரிகிறது; பிரதம அதிதி ஒருவர் மெழுகுவர்த்தியோடு குனிந்து நிற்கிறார்; பின்னால் தொங்கும் பதாகையில் ‘சுகாதாரப் பணியாளர்களுக்கான ஒருநாள் பயிற்சிச் செயலமர்வு’ என்று எழுதியிருக்கிறது. சில படங்களில் மேசைமீது றப்பர் குழந்தைப் பொம்மையொன்று மல்லாந்து கிடக்கிறது. மாலையில் சான்றிதழ் வழங்கும் படமும் தவறாமல் உண்டு. முப்பது வருடப் பத்திரிகை வாழ்வில் இவற்றையெல்லாம் நான் செய்தியாக்கியிருக்கிறேன். ‘மலையகச் சுகாதாரத்தில் மற்றுமொரு மைல்கல்’ என்று தலைப்பும் இட்டிருக்கிறேன்.

அந்தப் பொம்மை அன்று மாலை பெட்டிக்குள் போன பின்னர் என்ன ஆயிற்று என்று ஒரு தடவையேனும் நான் கேட்டதில்லை. இக்கட்டுரையில் பலரைக் குற்றஞ்சாட்ட இருக்கிறேன். ஆகவே முதற் குற்றத்தை என் பெயரிலேயே பதிந்துவிட்டுத் தொடங்குவதுதான் முறை.

ராகலையை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் போனால் வருகின்ற சிறு பட்டினம் அது. சுற்றிலும் தேயிலை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கென்றே நானுஓயாவிலிருந்து குறுகிய ரயில் பாதையொன்று அமைக்கப்பட்டு 1904இல் ராகலை வரை வந்தது. 1940களில் அது மூடப்பட்டது. தேயிலைக்கு அன்று ரயில் இருந்தது. மேல் டிவிசன்களில் வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சிக்குப் பெரும்பாலும் தோட்டத்து லொறியும், அண்மைக் காலத்தில் முச்சக்கர வண்டியும்தான் வாய்த்தன.

பல வருடங்களுக்கு முன்னர், ஒரு மார்கழி இரவு. ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் டிவிசன் லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. இரண்டாவது பிரசவம் என்பதால் எல்லாம் விரைவாக நடந்தது. லொறி தார் வீதியை எட்டுவதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. வண்டியில் தாயோடு இருந்தவர்கள் மூவர்: மாமியார், பக்கத்துக் காம்பராப் பெண், தோட்டத்து மருந்துக் காம்பராவில் வேலை செய்யும் பெண். பிள்ளை அழவில்லை. மாமியார் அதன் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினார். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். வைத்தியசாலையை அடையும்போது முக்கால் மணித்தியாலம் கழிந்திருந்தது. இறந்து பிறந்த சிசு என்று பதிவாயிற்று.

இரண்டு நாட்களின் பின் சம்பளப் போராட்டம் பற்றிய செய்தி சேகரிப்பதற்காக நான் அங்கு போயிருந்தேன். மருந்துக் காம்பராப் பெண் என்னைக் கூப்பிட்டுத் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினார்.

“சேர், நானும் அந்தப் படிப்புக்குப் போனேன். முன்னுக்கு இருந்த ரெண்டு மூணு பேருதான் பொம்மையத் தொட்டாங்க. எல்லாம் சிங்களத்துல சொன்னாங்க. எனக்கு இந்தக் கடுதாசி மட்டும் கெடைச்சிச்சு.”

மூச்சு ஊட்டுகின்ற பை தோட்டத்தில் இருந்ததா என்று கேட்டேன்.

“அலுமாரியில இருக்கு சேர். சாவி ஐயாகிட்ட.”

சான்றிதழின் திகதியைப் பார்த்தேன். அந்தச் செயலமர்வின் படம் எங்கள் பத்திரிகையின் உட்பக்கத்தில் வந்திருந்தது. படக்குறிப்பை எழுதியவன் நான்.

அந்தப் பிள்ளை உண்மையிலேயே இறந்துதான் பிறந்ததா? இக்கேள்விக்கு விடை சொல்ல யாராலும் முடியாது. ஏனெனில் அந்த லொறியில் தொப்புள்கொடியைத் தொட்டு நாடி பார்த்தவர் எவருமில்லை. மூச்சில்லாத பிள்ளையை உயிரில்லாத பிள்ளை என்று எண்ணுவது இயல்பு. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. நான் சொல்ல வரும் விடயம் முழுவதும் இந்த வேறுபாட்டிலேயே தங்கியிருக்கிறது.

தாயின் வயிற்றிலிருக்கும் சிசுவின் நுரையீரலில் காற்று இல்லை, திரவமே இருக்கிறது. ஒட்சிசன் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. பிறந்தவுடன் அந்த வழி அடைபட, முதல் சில மூச்சுகளில் நுரையீரல் விரிந்து காற்று திரவத்தின் இடத்தைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இதை எவருடைய துணையுமின்றிச் செய்துவிடுகின்றன. பத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதேனுமொரு உதவி தேவைப்படுகிறது. அவற்றிலும் பலவற்றுக்கு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்து, சூடாக வைத்துக்கொள்வதே போதுமானது. சிறு பங்கினருக்குத்தான் பையும் முகமூடியும் கொண்டு மூச்சு ஊட்ட வேண்டியிருக்கிறது. இதய அழுத்தம், மருந்து என்று போகவேண்டியவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதாவது, உயிர் காப்பதில் பெரும்பங்கை ஆற்றுவது மிக எளிய கைவேலைதான். விசேட நிபுணரின் வித்தை கடைசியிலேதான் வருகிறது.

அப்படியாயின் தலைகீழாகத் தூக்கித் தட்டினால் ஏன் பிழைப்பதில்லை? பிரசவத்தின்போது ஒட்சிசன் குறைந்த சிசு முதலில் வேகமாக மூச்செடுக்க எத்தனித்து, பின் நிறுத்திவிடுகிறது. இந்தக் கட்டத்தில் தேய்த்துத் தூண்டினால் மூச்சு திரும்பலாம். இன்னும் நேரம் போனால் சில திணறல்களின் பின் முற்றாக நின்றுவிடுகிறது. இதயத் துடிப்பும் மந்தமாகிறது. இந்த இரண்டாம் கட்டத்தில் எவ்வளவு தட்டினாலும் பயனில்லை. நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்துவது ஒன்றே வழி. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூளை விலை கொடுக்கிறது. இறவாமல் தப்பிய பிள்ளைகளிலும் சில நடக்க முடியாமல், பேச முடியாமல் லயத்து வாசலில் கிடப்பதை மலையகத்தைச் சுற்றியவர்கள் கண்டிருப்பார்கள். கிரகணம் பிடித்தது என்றும், செய்த பாவம் என்றும் தாய்மார் அழுவதையும் கேட்டிருப்பார்கள். அத்தகைய பிள்ளைகளுள் சிலரின் கதை பிறந்த முதல் நிமிடங்களிலேயே எழுதப்பட்டது.

ராகலையின் குளிரும் இதில் சேர்கிறது. மார்கழி, தை மாதங்களில் நுவரெலியா மலைகளில் இரவுக் குளிர் பத்துப் பாகைக்கும் கீழே இறங்குவது வழமை. நனைந்த உடம்போடு பிறந்த சிசு அந்தக் குளிரில் கிடந்தால் நிமிடங்களில் சூட்டை இழந்துவிடும். அதன்மேல் தண்ணீர் தெளிப்பது எரிகின்ற விளக்கை ஊதி அணைப்பதற்கு ஒப்பாகும். அந்த மாமியார் கெட்ட எண்ணத்தால் செய்யவில்லை. தன் தாய் செய்யக் கண்டதைச் செய்தார். வேறொன்றைச் செய்ய அறிந்திருக்க வேண்டியவர் அவருக்குப் பக்கத்திலேயே, சான்றிதழ் பெற்றவராக, கை நடுங்க உட்கார்ந்திருந்தார்.

கையால் அழுத்தும் அந்தப் பையைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘அம்பு பை’ என்று நமது வைத்தியசாலைகளில் வழங்கும் இக்கருவியை உருவாக்கியவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த ஹோல்கர் ஹெஸ் என்ற பொறியியலாளரும் ஹென்னிங் ரூபன் என்ற மயக்கமருந்து வைத்தியரும். லொறிச் சாரதிகளின் வேலைநிறுத்தத்தால் வைத்தியசாலைகளுக்கு ஒட்சிசன் வராமற் போய்விடுமோ என்ற அச்சம் இதற்குத் தூண்டுகோலாயிற்று என்பார்கள். அழுத்திய பின் தானாகவே விரிந்து சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொள்வது இதன் சிறப்பு. சிலிண்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நிறைமாதச் சிசுவுக்கு மூச்சூட்டத் தொடங்குவதற்குச் சாதாரணக் காற்றே போதும் என்பதைச் சர்வதேச வழிகாட்டல்களும் 2010 முதல் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆகவே லொறியிலும் லயத்திலும் பயன்படக்கூடிய கருவி இது.

இந்தப் பை விற்பனைக்கு வந்த ஆண்டு 1956. அந்த ஆண்டைச் சொன்னதும் நம்மவர்களுக்கு நினைவில் எழுவது வேறொன்று. தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியது. எழுத்தில் வந்தது வகுப்பறைக்கு வந்ததா? கொழுந்து பறிக்கும் பெண்ணின் பிரசவத்துக்கு அருகில் நிற்கப்போகின்றவருக்கு, உயிர்காக்கும் பாடம் அவருக்கு விளங்காத மொழியில் நடத்தப்பட்டால், அது அவருக்குச் சொல்லப்படவில்லை என்பதே பொருள். தாய்க்கும் மருத்துவிச்சிக்கும் இடையில் மொழி இல்லாத பிரசவ அறைகளைப் பற்றி மலையகத்தில் எவரிடம் கேட்டாலும் கதை சொல்வார்கள். சிங்கள மொழி பேசும் குடும்பநல உத்தியோகத்தர்கள் பலர் மலையேறி இறங்கி ஆற்றும் சேவையை நான் மதிக்கிறேன். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தமிழ் பேசும் மருத்துவிச்சிகளைப் போதிய அளவில் உருவாக்காத ஆட்சிகளையும், அதைக் கேட்டுப் பெறாத நமது தலைவர்களையுமே சொல்கிறேன்.

இனி, ஒருநாள் செயலமர்வு என்ற சடங்குக்கு வருகிறேன். அது பயனற்றது என்று நான் என் ஆத்திரத்தில் சொல்லவில்லை. அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகம், உலக சுகாதார ஸ்தாபனம் முதலியவற்றின் துணையோடு 2010இல் ‘ஹெல்பிங் பேபீஸ் பிரீத்’ என்ற பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்தது. பிள்ளை மூச்சுவிட உதவுவது என்று பொருள். வசதி குறைந்த இடங்களுக்காகவே, படங்களால் விளங்கவைக்கும் வகையில் ஆக்கப்பட்ட பாடம் அது. பிறந்து ஒரு நிமிடத்துக்குள் பிள்ளை தானாக மூச்செடுக்க வேண்டும், அல்லது பையால் மூச்சூட்டல் தொடங்கிவிட வேண்டும் என்பதே அதன் சாரம். அதற்குப் ‘பொன்னான நிமிடம்’ என்று பெயர். நோர்வேயின் லேர்டால் நிறுவனம் தண்ணீர் நிரப்பிப் பயன்படுத்தும் மலிவான பொம்மையொன்றை இதற்கெனச் செய்தது. முகமூடி சரியாகப் பொருந்தினால்தான் அதன் மார்பு உயரும்.

தன்சானியாவின் எட்டு வைத்தியசாலைகளில் இப்பயிற்சி அறிமுகமான பின்னர், பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் நேரும் சிசு மரணங்கள் 47 சதவீதத்தால் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைவிட என்னை உலுக்கியது இன்னோர் எண். பிரசவ வேளையில் இறந்து பிறந்தவை என்று பதியப்பட்ட பிறப்புகளும் 24 சதவீதத்தால் குறைந்தன. பிறந்த பின் கொடுக்கும் மூச்சு, பிறக்குமுன் இறந்த பிள்ளையை எழுப்புமா? எழுப்பாது. முன்னர் இறந்து பிறந்தவையாக எழுதப்பட்டவற்றுள் சில, மூச்சின்றி, ஆனால் இதயம் துடித்தபடி பிறந்தவை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். இதை வாசித்த இரவு ராகலை லொறியின் நினைவால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே தன்சானியாவின் வடபகுதிக் கிராமப்புறத்திலுள்ள ஹைடொம் லூத்தரன் வைத்தியசாலையில் இன்னொன்று கண்டார்கள். ஒருநாள் பயிற்சி கொடுத்து, மாதங்கள் கழித்துச் சோதித்தபோது, பணியாளர்கள் பொம்மையில் முன்னிலும் திறமையாகச் செய்து காட்டினார்கள். ஆனால் பிரசவ அறையில், உயிருள்ள பிள்ளைகளிடத்தில், அவர்களின் செயலில் மாற்றமில்லை! இதுவும் 2013இல் பிரசுரமான முடிவுதான். அவர்கள் இதை மறைக்கவுமில்லை, இன்னொரு விழா வைக்கவுமில்லை. பொம்மையைப் பிரசவ விடுதியிலேயே நிரந்தரமாக வைத்தார்கள். வாரந்தோறும் சில நிமிடங்கள் இருவர் இருவராகப் பழகினார்கள். மாதம் ஒருமுறை சற்று நீண்ட மீள்பயிற்சி நடந்தது. அதன்பின் முதல் 24 மணித்தியால மரணங்கள் ஆயிரம் பிறப்புகளுக்கு 11.1இலிருந்து 7.2ஆக இறங்கின. அந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது.

நேபாளத்தைப் பாருங்கள். காத்மண்டுவின் பரோபகார் மகப்பேற்று வைத்தியசாலையில் பயிற்சியோடு தினசரிப் பழக்கம், கருவிகளை நாளாந்தம் சரிபார்த்தல், நடந்ததைக் கூடிப் பேசுதல் ஆகியவற்றை இணைத்தார்கள். பிரசவ வேளைச் சிசு இறப்புகள் ஆயிரத்துக்கு 9.0இலிருந்து 3.2ஆகவும், முதல்நாள் மரணங்கள் 5.2இலிருந்து 1.9ஆகவும் குறைந்ததாக 2016இல் அறிவித்தார்கள். நேபாளம் நம்மைவிடச் செல்வந்த நாடன்று.

கை பழகும் வித்தைகளுக்கு இது புதிதல்ல. தவில் வாசிப்பவர் வருடத்தில் ஒருநாள் சாதகம் செய்வதில்லை. கொழுந்து பறிக்கும் விரல்களுக்கும் ஒருநாள் செயலமர்வில் வேகம் வந்ததில்லை. பிள்ளையின் தலையை அதிகம் பின்னுக்கு வளைக்காமல் நேராக வைப்பதும், முகமூடியின் விளிம்பில் காற்றுக் கசியாமல் பிடிப்பதும், நிமிடத்துக்கு நாற்பது தொடக்கம் அறுபது தடவை மார்பு உயருமளவுக்கு மட்டும் பையை அழுத்துவதும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. நெருக்கடியில் புத்தி தடுமாறும்போது துணைக்கு வருவது பழகிய கை ஒன்றே. மூச்சில்லாத பிள்ளை அரிதாகவே பிறக்கும் சிறிய இடங்களில், வேலையின் வழியே பழக்கம் வராது. சிறிய இடம் என்பதால் குறைவாகப் பழகினால் போதும் என்ற எண்ணம் தலைகீழானது. பிரசவம் குறைந்த இடத்திலேதான் பொம்மையோடு அதிகம் பழக வேண்டும்.

இவற்றைச் சொன்னால் அதிகாரிகள் தரப்பிலிருந்து வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

முதலாவது, இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன, ஆகவே இது பழைய பிரச்சினை என்பது. இந்நாட்டின் தாய்சேய் நலச் சாதனையை நான் மறுக்கவில்லை. தென்னாசியாவில் நாம் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய சிலவற்றுள் அது ஒன்று. சிசு மரணங்களில் இன்று இங்கு முன்னிற்பவை குறைமாதப் பிறப்பும் பிறவிக் கோளாறுகளும் என்பதும் உண்மை. ஆனால் தேசிய சராசரி என்பது கொழும்பையும் ராகலையையும் ஒரே பானையிலிட்டுக் கிண்டிய கஞ்சி. சராசரியைக் கொண்டு மேல் டிவிசன் தாயை மூடி மறைக்க முடியாது. மேலும், வைத்தியசாலையின் கூரைக்குக் கீழ் பிறந்ததனாலேயே பிள்ளை மூச்செடுத்துவிடுவதில்லை. ஹைடொமிலும் காத்மண்டுவிலும் பிள்ளைகள் வைத்தியசாலையிலேதான் பிறந்தன.

இரண்டாவது பதில், தோட்டத்துப் பணியாளர்களுக்கும் சிற்றூழியர்களுக்கும் இதைக் கற்பித்தால் வீட்டுப் பிரசவம் பெருகும் என்பது. தீயணைக்கப் பழகினால் ஊரார் வீட்டைக் கொளுத்துவார்கள் என்பது போன்ற வாதம் இது. எந்தத் தாயும் லொறியில் பிள்ளை பெறத் திட்டமிடுவதில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில், அபய் பங், ராணி பங் என்ற வைத்தியத் தம்பதியர் கிராமத்துப் பெண்களையே தெரிந்தெடுத்துப் பயிற்றினார்கள். மூச்சில்லாத சிசுவுக்கு மூச்சூட்டுவதும் அப்பயிற்சியில் அடங்கியிருந்தது. 39 கிராமங்களில் நடந்த அவ்வேலையின் மூன்றாவது ஆண்டில், ஒப்பீட்டுக்கு எடுத்த கிராமங்களோடு பார்க்கும்போது சிசு மரணம் 62 சதவீதத்தால் குறைந்தது என்று 1999இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் எழுதினார்கள். கட்சிரோலிப் பெண்களின் கைகளுக்கு முடிந்தது, நம் தோட்டத்துப் பெண்களின் கைகளுக்கு முடியாதா?

மூன்றாவது, பணமில்லை என்பது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்களும் தாதியரும் நாட்டைவிட்டுப் போனதையும், மருந்துக்குக் கூட அல்லற்பட்டதையும் நான் அறிவேன். எனினும் இது ஸ்கேன் இயந்திரம் வாங்கும் காரியமல்ல. ஒரு பை, இரண்டு அளவில் முகமூடி, உலர்ந்த துணிகள், ஒரு பொம்மை. செயலமர்வுக்கு மண்டபம் பிடித்து, பதாகை கட்டி, பகல் உணவு வழங்கி, அதிதிக்குப் பொன்னாடை போர்த்தும் செலவை நிறுத்தினாலே இவற்றில் கணிசமான பங்கு கிடைத்துவிடும்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால்தான் உண்மையான சிக்கல் வெளிப்படும். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872இலேயே பிரித்தானியர் கட்டளைச் சட்டம் இயற்றினார்கள். அன்று தொடக்கம் தோட்டத்துச் சுகாதாரம் நாட்டின் சுகாதாரத்துக்கு வெளியே, துரையின் கணக்குப் புத்தகத்துக்குள் வைக்கப்பட்டது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. நாட்டுக்கு வந்த இலவச வைத்தியம் லயத்து வாசல்வரை முழுமையாக வரவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் போயிற்று; 1990களில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு கையேற்கத் தொடங்கி, அவ்வேலையைப் பாதியில் விட்டது. இன்றும் மருந்துக் காம்பராவில் ஒரு குறையைச் சுட்டினால், கம்பனி அமைச்சைக் காட்டும், அமைச்சு கம்பனியைக் காட்டும். இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் ஒரு நிமிடம் கழிந்துவிடும்.

தொழிற்சங்கங்களையும் விடுவதற்கில்லை. சம்பளத்துக்காக அவை நடத்திய போராட்டங்களை நான் பக்கம் பக்கமாக எழுதியவன். ஆயின் பிரசவத்துக்குப் போகும் வழியில் பிள்ளை இறக்கக்கூடாது என்ற கோரிக்கை எந்தக் கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையிலாவது முதலிடம் பெற்றதுண்டா? சங்கத் தலைவர்களை இவ்விடயத்தில் நான் கண்ட இடம் குத்துவிளக்கின் அருகில் மட்டுமே.

2016இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகி நாடு முழுவதும் பரவிய 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை பெரும் ஆறுதல். 2017இல் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடமும் வரவேற்கத்தக்கதே. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி என்ன செய்தது? நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நுவரெலியா மாவட்டத்தின் பாதைகளை மண்சரிவுகளால் துண்டு துண்டாக்கியது. அம்பியூலன்சும் வரமுடியாத, லொறியும் போகமுடியாத நாட்களில் வலி கண்ட தாய்க்கு, லயத்திலும் மருந்துக் காம்பராவிலும் இருப்பவர்களின் கைகளே வைத்தியசாலை. அந்தக் கைகளைப் பழக்கி வைத்திருந்தோமா?

நான் கேட்பது அதிகமில்லை. பிரசவம் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு தோட்டத்து மருந்துக் காம்பராவிலும் பொம்மை நிரந்தரமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பழகட்டும். பையும் முகமூடியும் பூட்டிய அலுமாரியிலிருந்து வெளியே வந்து, கைக்கெட்டும் இடத்தில் தொங்கட்டும். தினமும் ஒருவர் அதைச் சரிபார்த்து ஒப்பமிடட்டும். பாடம் தமிழிலும் நடக்கட்டும். படங்களின் கீழ் தமிழிலும் எழுதட்டும். தாதி, மருத்துவிச்சி, தோட்ட வைத்திய உதவியாளர், சிற்றூழியர், அம்பியூலன்ஸ் பணியாளர் எல்லோரும் பை பிடிக்கப் பழகட்டும். பிள்ளைக் காம்பராப் பெண்களும் லொறிச் சாரதியும் குறைந்தபட்சம் துடைக்கவும், தேய்க்கவும், தாயின் மார்போடு அணைத்துப் போர்த்தவும், தலைகீழாகத் தூக்காதிருக்கவும் அறியட்டும். மூச்சின்றிப் பிறந்த ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும், பிழைத்தாலும் இறந்தாலும், மறுநாள் கூடிப் பேசட்டும். அந்தப் பேச்சு எவரையும் தண்டிப்பதற்காக இருக்கக்கூடாது. தண்டனைக்குப் பயந்தால் ‘இறந்து பிறந்தது’ என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாவற்றையும் புதைத்துவிடுவார்கள்.

பயிற்சியால் எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. பாதை வேண்டும், தமிழ் பேசும் மருத்துவிச்சி வேண்டும், குறைமாதப் பிள்ளைக்கு விசேட பிரிவு வேண்டும். அவற்றுக்கு வருடங்கள் செல்லும். பையை அலுமாரியிலிருந்து எடுத்து வெளியே தொங்கவிட வருடங்கள் தேவையில்லை.

கடைசியாக, என் தொழிலைச் சேர்ந்த இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செயலமர்வுக்கு உங்களுக்கும் அழைப்பு வரும். போங்கள். விளக்கேற்றும் படத்தையும் எடுங்கள், ஆசிரியர் கேட்பார். ஆனால் மூன்று கேள்விகளையும் கேட்டு வாருங்கள்: இந்தப் பொம்மை நாளை எங்கே இருக்கும்? வந்திருப்பவர்களில் எத்தனை பேர் தம் கையால் பையை அழுத்தினார்கள்? எந்த மொழியில் சொல்லிக் கொடுத்தீர்கள்? ஆறு மாதம் கழித்து அறிவிப்பின்றி அந்த இடத்துக்குப் போய், பை எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். தொங்கவில்லையென்றால் அதுதான் செய்தி. நான் எழுதாமல் விட்ட செய்தி அது.

ராகலையின் அந்தப் பெண் இப்போது ஓய்வு பெற்றிருப்பார். சான்றிதழைப் பொலித்தீன் உறையில் இன்னும் வைத்திருக்கிறாரோ என்னவோ. அன்று அவர் அதை எனக்குக் காட்டியது பெருமைக்காக அல்ல. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று என்னிடம் கேட்பதற்காக. பதில் சொல்லாமல் சம்பளச் செய்தியை எழுதப் போய்விட்டேன்.